புளியரை எடைமேடை, இரவு பத்தே முக்கால்

அமுக்கினால்
விசிறி அரைச்சுற்று திரும்பி நிற்கிறது.
அவ்வளவுதான்.
"அஞ்சரையிலேருந்து இதே கூத்து,
நானும் நாலு தட்டு தட்டிப் பாத்துட்டேன்" என்கிறான் மாடக்கண்ணு.
தட்டினால் திறக்க இதென்ன கதவா என்று
நான் கேட்கவில்லை.

வெளியே பதினேழு லாரி.
மேடைமேல் நிற்பது எம்-சாண்ட், புனலூருக்கு.
அதன் பின்னால் வைக்கோல்,
வைக்கோலுக்குப் பின்னால் முட்டை,
கடைசியில் ஆடு ஏற்றிய வண்டி.
காத்திருப்பதைச் சத்தமாகச் சொல்வது
அது ஒன்றுதான்.

சாரல்.
ஆரியங்காவிலிருந்து இறங்கும் காற்று
ஷட்டருக்கு அடியில் புகுந்து கணுக்காலைத் தொடுகிறது.
மேடையிலிருக்கும் மணலுக்கு இப்போது எடையில்லை.
இருபத்தெட்டு டன்னாக இருக்கட்டும்,
திரையில் விழாதவரை அது வெறும் ஈரம்.

முதலில் எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியே பிரித்தேன்.
பச்சைக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும்
ஒரு ஜெம் கிளிப்பை வளைத்துப் பாலம் போட்டேன்.
ஓடியது. நன்றாகவே ஓடியது.
இவனில்லை என்று ஒருவனை வெளியே அனுப்பியதும்
அறையில் மிச்சமிருப்பவர்கள் முகம்
கொஞ்சம் மாறத்தான் செய்கிறது.

ரேமை உருவினேன்.
பள்ளிக்கூட ரப்பரால் அதன் பொன்பல்லைத் தேய்த்தேன்.
அரைச்சுற்று.
கெபாசிட்டர்களின் உச்சந்தலையை விரலால் தடவினேன்,
ஒன்றும் உப்பவில்லை.
காசளவு பேட்டரியைக் கழற்றி மாட்டினேன்.
தேதியை மறந்திருக்கும்,
பிடிவாதத்தை மறக்கவில்லை.
அரைச்சுற்று.

மணல் வண்டிக்காரன் ஷிபு வாசலில் வந்து நிற்கிறான்.
"சேச்சி, ஆளு போயோ?"

போகவில்லை.
போனது அரைச்சுற்றுகூடச் சுற்றாது.
கரண்ட் உள்ளே வருகிறது,
இருட்டில் எதையோ தொடுகிறது,
பதறிக் கையை இழுத்துக்கொள்கிறது.
அதற்குப் பெயர் சாவில்லை.
எதன்மேல் கை பட்டது என்பதுதான் தெரிய வேண்டும்.

ஒன்பது திருகாணி. ஒன்று துருப்பிடித்து
என் நகத்தைக் கொஞ்சம் கேட்டது.
போர்டை மொத்தமாக வெளியே எடுத்து
பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டிமேல் கிடத்தினேன்.
ஷிபு செல்போன் வெளிச்சம் பிடித்தான்.
பவர் என்று எழுதிய இரண்டு ஊசிகளை
திருப்புளி நுனியால் தொட்டேன்.

ஒரு பீப்.
விசிறி நிற்கவில்லை.

மாடக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.
நான் போட்டுக்கொள்ளவில்லை,
வேலை இனிமேல்தான்.
தகரப் பெட்டிக்கு வெளியே ஓடுகிறது என்றால்
பெட்டியில் ஏதோ இருக்கிறது.
ஒவ்வொரு வயராகத் திரும்ப மாட்டினேன்.
சுவிட்ச். ஓடியது.
விளக்கு. ஓடியது.
முன்பக்க யு.எஸ்.பி.
நின்றது.

குனிந்து பார்த்தால்
அந்தச் சின்ன வாய்க்குள் நாக்கு உடைந்து
ஊசி நான்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து
தகரத்தோடு ஒட்டிக்கிடந்தன.
யாரோ சார்ஜ் போட்டுவிட்டு
தங்கள் முறை வந்ததும்
வெடுக்கென்று பிடுங்கியிருக்கிறார்கள்.

நான் யாரையும் பார்க்கவில்லை.
மேலே, டார்ச் வெளிச்சம் மட்டும்
லேசாக ஆடியது.
அந்த போனில் எண்பது சதவீதம் இருந்தது.

வயரை உருவிப் போட்டேன்.
வாயில் கறுப்பு டேப் ஒட்டினேன்.
போர்டு பெட்டிக்குள் போனது.
விண்டோஸ் தன் பாட்டுக்கு எழுந்து
தேதி தப்பு என்று குறைப்பட்டது.
பிறகு அந்தக் கட்டம்,
அதில் சிவப்பாக
28,340.

மணலுக்கு எடை வந்துவிட்டது.
சீட்டை வாங்கிய ஷிபு
மாடக்கண்ணு எண்ணிக் கொடுத்த நானூறோடு
தன் நூறு ரூபாயையும் வைத்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போனான்.

வைக்கோல் போனது, முட்டை போனது.
நான் மழைச்சட்டை மாட்டுவதற்குள்
கடைசி வண்டியும் மேடை ஏறிற்று.
4,310.
4,330.
4,300.
"நிக்க மாட்டேங்குதேக்கா, திரும்பப் போச்சா?"
என்று அலறுகிறான் மாடக்கண்ணு.

போகவில்லை.
உள்ளே ஆடுகள்
கால் மாற்றி நிற்கின்றன.